நூறிலிருந்து நூற்று நாற்பதுக்கு

எண்ணெயில் ஓடும் வீட்டு பாய்லரின் முன்பக்கத்தில் பர்னர் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு பம்ப், அந்தப் பம்பில் ஒரு சின்னத் திருகு. வலப்பக்கம் திருப்பினால் எண்ணெயின் அழுத்தம் ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து வீடுகளில், பல பத்தாண்டுகள் அந்தத் திருகு சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்ற இடத்திலேயே நின்றது. இன்று நான் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் 140. அந்தத் திருகு ஏன் அங்கே வந்தது, பிறகு ஏன் நகர்ந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எண்ணெய் வெப்பத்தின் வரலாற்றை விலை நிலவரத்தையும் கம்பெனிகளின் வளர்ச்சியையும் வைத்தே எழுதிவருகிறார்கள். பேஸ்மென்ட்டுக்குள் இறங்கி, முழங்காலிட்டு, அந்தத் திருகைத் திருப்பியவர்களுக்கு அதில் இடமே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

இந்தப் பக்கத்து வீடுகள் முதலில் விறகில் வாழ்ந்தன, பிறகு நிலக்கரியில். பென்சில்வேனியாவின் கிழக்கில் தோண்டப்பட்ட ஆந்த்ரசைட் கரி ரயிலில் வந்து, தெருவோரச் சன்னல் வழியாகச் சரிவுப் பலகையில் இறங்கி, பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில் குவியும். குளிர்காலம் முழுக்க ஒரு வீட்டுக்குப் பல டன் வேண்டும். காலையில் எழுந்ததும் சாம்பலைத் தட்டி, கரி போட்டு, இரவில் நெருப்பை மூடிவைத்து அணையாமல் காக்க வேண்டும். சாம்பலைத் தகர டப்பாவில் மேலே சுமந்துவந்து, பனி உறைந்த நடைபாதையில் வழுக்காமலிருக்கத் தூவுவார்கள். இந்த வேலையை வீட்டில் யார் செய்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால், பெரும்பாலும் அம்மா என்பார்கள், இல்லையென்றால் மூத்த பையன்.

அந்தக் கரி நம்பகமாக வந்துகொண்டிருந்த வரை யாருக்கும் எண்ணெய் பற்றிய நினைப்பில்லை. 1902-இல் மே முதல் அக்டோபர் வரை ஆந்த்ரசைட் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் நெருங்க நெருங்க நகரங்களில் பீதி பிடித்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இரு தரப்பையும் அழைத்துப் பேசவைத்த பிறகே அது முடிந்தது. 1922-இல் மறுபடி ஒரு நீண்ட வேலைநிறுத்தம். 1925 செப்டம்பரில் தொடங்கியது 1926 பிப்ரவரி வரை, குளிர்காலத்தின் நட்டநடுவே நீடித்தது. தொழிலாளர்கள் கேட்டது நியாயமான கூலி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கரித்தொட்டி காலியாகிப்போன குடும்பங்களில் பல மறுபடி கரிப் பக்கம் திரும்பவில்லை. எண்ணெய் பர்னர் விற்பவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. கரிக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. தங்கள் கரி தனி என்று காட்ட அதன் மேல் நீலச் சாயம் தெளித்து ‘நீலக் கரி’ என்று விற்றார்கள், வானொலித் தொடர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பல காலம் கழித்து எண்ணெய்க்கும் சாயம் வந்தது. சாலை வரி கட்டாத எண்ணெய் என்று அடையாளம் தெரிய, இன்று வீட்டுக்கு வரும் எண்ணெய் சிவப்பாக இருக்கும்.

1920-களின் பர்னர்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சட்டியில் எண்ணெய் சொட்டி ஆவியாகி எரியும் வகை ஒன்று. சுழலும் வட்டு எண்ணெயைச் சுவரோரம் வீசி, சுற்றிலும் சுடர் வளையம் எழுப்பும் வகை இன்னொன்று. இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் தயாரான வில்லியம்ஸ் ஆயில்-ஓ-மேட்டிக், எண்ணெயோடு முன்கூட்டியே காற்றைக் கலந்து குறைந்த அழுத்தத்தில் தெளித்தது. இவற்றுக்கு நடுவே, எண்ணெயை மட்டும் 100 பவுண்டு அழுத்தத்தில் நுண்துளை வழியாகப் பீய்ச்சும் வகையும் வளர்ந்தது. துப்பாக்கிக் குழல் போல நீண்ட குழாய் இருந்ததால் அதை ‘கன் பர்னர்’ என்றார்கள். ஓஹையோவின் எலிரியாவில் பெக்கெட் நிறுவனம் 1937-இல் தொடங்கியது; இன்று நான் திறக்கும் பர்னர்களில் பாதிக்கு மேல் அந்தப் பெயர்தான் இருக்கிறது. குறைந்த அழுத்த வகைகள் மெல்ல மறைந்தன. கன் பர்னரில் பாகங்கள் குறைவு, விலை குறைவு, எந்தப் பாய்லரின் வாயிலும் பொருத்திவிடலாம். தொழில் தெரிந்த ஒருவர் கைப்பெட்டியோடு வந்து ஒரு மணி நேரத்தில் அதைச் சீர்செய்துவிட்டுப் போகலாம். அது ஜெயித்ததற்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

அதன் வேலை முறை நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பம்ப் ஸ்டவ்வில் நாம் அழுத்தம் கொடுத்தாலும், மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஏறி ஆவியான பிறகே பற்றுகிறது. பர்னரில் எண்ணெய் ஆவியாகி வருவதில்லை, பனித்துளியாக உடைந்து வருகிறது. எண்ணெயைப் பீய்ச்சும் நுண்துளை முனைக்கு நாசில் என்று பெயர்; அதன் உள்ளே சாய்வாக வெட்டிய மெல்லிய பள்ளங்கள் இருக்கின்றன. அழுத்தத்தோடு வரும் எண்ணெய் அவற்றில் நுழைந்து வேகமாகச் சுழன்று, கூம்பாக விரிந்து வெளியேறும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 10,000 வோல்ட் பொறி தயாராக இருக்கும், பின்னாலிருந்து விசிறி காற்றைத் தள்ளும். அடைத்துக்கொண்ட ஸ்டவ்வுக்கு நாம் பின் போட்டுக் குத்துவோம். நாசிலில் பின் பட்டால் தொலைந்தது. அந்தத் துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் கூம்பு ஒருபக்கம் கோணிக்கொள்ளும், சுடர் சுவரில் மோதிக் கரி படியும். அதனால் நாசிலை யாரும் சுத்தம் செய்வதில்லை; வருடம் ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவோம்.

நாசிலின் மேல் முத்திரையிட்டிருக்கும் எண் 100 பவுண்டு அழுத்தத்தை வைத்துச் சொன்னது. 1.00 என்றிருந்தால் அந்த அழுத்தத்தில் மணிக்கு ஒரு அமெரிக்க கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர். அழுத்தத்தைக் கூட்டினால் எண்ணெய் அதே விகிதத்தில் கூடாது, அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். எண்ணெய் இரு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். 140-க்கு ஏற்றினால் கிடைப்பது சுமார் 18 விழுக்காடு மட்டுமே. ஆனால் துளிகள் இன்னும் சிறியதாக உடைகின்றன. 0.85 நாசிலை 140-இல் ஓட்டினால், 1.00 நாசிலை 100-இல் ஓட்டும் அதே அளவு எண்ணெய்தான் எரியும். துளி மட்டும் நுண்மையாகிவிடும். இந்தக் கணக்குத் தெரிந்துவிட்டால் பிறகு நடந்ததெல்லாம் எளிதில் புரியும்.

அதற்கு முன் இரண்டாம் உலகப் போர் வந்தது. கிழக்குக் கரைக்கு எண்ணெய் பெரும்பாலும் டெக்சாஸ், லூசியானா பக்கமிருந்து கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. 1942-இன் தொடக்க மாதங்களில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கடித்தன. அந்த இலையுதிர்காலத்தில் வீட்டு எண்ணெய்க்கு ரேஷன் வந்தது. முடிந்தவர்கள் கரிக்கே திரும்பிப் போங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. ஒருகாலத்தில் கழற்றி எறிந்த கரித்தட்டுகளை மக்கள் தேடி அலைந்தார்கள். டெக்சாஸிலிருந்து கிழக்கு நோக்கி 24 அங்குல விட்டமுள்ள குழாயை அவசரம் அவசரமாகப் பதித்து 1943-இல் முடித்தார்கள். ‘பிக் இன்ச்’ என்று அதற்குப் பெயர்.

போர் முடிந்ததும் எண்ணெய் மறுபடி பெருகியது. லாங் ஐலண்டில் 1947-இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் என்ற புதுக் குடியிருப்பின் வீடுகளில் பேஸ்மென்ட் கிடையாது. பாய்லர் சமையலறையிலேயே இருந்தது, தரைக்குள் ஓடிய குழாய்களில் வெந்நீர் சுற்றியது. பழைய வீடுகளில் கரி பாய்லர்களின் வாயில் பர்னரைச் செருகி ஓட்டினார்கள். உருண்டையான வார்ப்பிரும்பு உடம்பின் மேல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் பூசிய அந்தப் பாய்லர்களை இன்னும் ‘பனிமனிதன்’ என்றுதான் சொல்கிறோம். அந்தப் பூச்சைத் தட்டாதே, உடைக்காதே என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

கோடையில் பனிக்கட்டியும் குளிர்காலத்தில் கரியும் விற்ற குடும்பங்களே எண்ணெய் வியாபாரிகள் ஆனார்கள். அவர்கள் கொண்டுவந்த ஒரு பழக்கத்தை நான் வியந்து பார்க்கிறேன். வீட்டுக்காரர் போன் செய்யும் வரை காத்திருக்க மாட்டார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பம் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு எவ்வளவு கீழே போகிறதோ அதைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். அதற்கு ‘டிகிரி டே’ என்று பெயர். இந்த வீடு ஐந்து டிகிரி டேக்கு ஒரு கேலன் குடிக்கும் என்று தெரிந்துவிட்டால், ஐந்நூறு சேர்ந்ததும் நூறு கேலன் தீர்ந்திருக்கும், வண்டியை அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயில் ஒரு விசில் உண்டு. எண்ணெய் ஏற ஏறத் தொட்டிக் காற்று வெளியேறி விசிலடிக்கும், விசில் நின்றால் தொட்டி நிறைந்துவிட்டது. வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கையிலேயே 275 கேலன் தொட்டி நிரம்பியிருக்கும்.

எண்ணெய் இப்படி மலிந்திருந்ததால் யாரும் சிக்கனத்தை நினைக்கவில்லை. 1972-இல் ஒரு கேலன் சுமார் 20 சென்ட். கரிக்காக அளவெடுத்த பாய்லர், அதற்கு ஏற்ற பெரிய நாசில், வீட்டுத் தேவையைவிட இரண்டு மடங்கு நெருப்பு. பர்னர் சில நிமிடம் உறுமிவிட்டு நின்றுவிடும். அது நின்றிருக்கும் நேரமெல்லாம் பாய்லரின் சூடு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. 1979-இல் ஈரான் புரட்சியோடு இரண்டாவது அடி. 1981-இல் வீட்டு எண்ணெய் கேலனுக்கு ஒரு டாலரைத் தாண்டிவிட்டது. ஜனாதிபதி கார்ட்டர் 1977-இல் ஸ்வெட்டர் அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 டிகிரி போதும் என்று சொன்னதை இங்குள்ள முதியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக்குகள் அப்போது செய்ததைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. முதலில் நாசிலைச் சிறிதாக்கினார்கள். 1.35 இருந்த இடத்தில் 1.10 போட்டார்கள். சுடர் எரியும் அறையை ‘சாம்பர்’ என்போம்; பெரிய சாம்பரில் சிறிய சுடர் சரியாக நிற்கவில்லை, புகைந்தது. அடுத்து, சுடரைக் குழாயின் வாயிலேயே பிடித்து நிறுத்தும் ‘ரிடென்ஷன் ஹெட்’ வகைப் பர்னர்கள் பரவின. காற்றை வேகமாகச் சுழற்றி எண்ணெயோடு நெருக்கமாகக் கலப்பவை அவை. அதிகப்படியான காற்று தேவைப்படவில்லை, சுடர் வெள்ளையாகச் சூடேறியது. சூடு தாங்காமல் பழைய இரும்பு சாம்பர்கள் உருகி ஓட்டையாயின. செராமிக் இழையால் உள்பூச்சு போட வேண்டியதாயிற்று. நாசில் மேலும் சுருங்கியது, துளை சிறுத்ததால் அடைப்பும் கூடியது. இந்த மாற்றங்களோடு சேர்த்துத்தான் அந்தத் திருகிலும் கை வைத்தார்கள். நாசிலை ஒரு படி குறைத்து அழுத்தத்தை 140-க்கு ஏற்றினால் அதே எண்ணெய் இன்னும் நுண்மையாக, சுத்தமாக எரியும். லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் 1970-களின் பிற்பாதியிலிருந்து வீட்டு எண்ணெய் வெப்பத்தை ஆராய்ந்துவந்தது. அங்கே அளந்து பார்த்ததும் பேஸ்மென்ட்டுகளில் கை பழகிய அறிவும் ஒன்றையொன்று தாங்கின.

இதற்கு என்னிடம் உள்ள சாட்சி பாய்லரில் கம்பியால் கட்டித் தொங்கும் சர்வீஸ் அட்டைகள். மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் மூன்று மாடி மரவீடு ஒன்றில் கிடைத்த அட்டையை அப்படியே சொல்கிறேன். பென்சிலில், வேறு வேறு கையெழுத்துகளில் இருக்கிறது. 1969: நாசில் 1.35, அழுத்தம் 100, கார்பன் டை ஆக்சைடு 8, புகை 2. 1974: நாசில் 1.10, அழுத்தம் 100, புகை 3. ஓரத்தில் ‘வாசனை’ என்று ஒரே ஒரு சொல். 1983: புது பர்னர், நாசில் 0.85, அழுத்தம் 140, கார்பன் டை ஆக்சைடு 11.5, புகை பூஜ்யம், புகைபோக்கி வெப்பம் முன்னிருந்ததைவிட 200 டிகிரி குறைவு. உலக அரசியலின் பதினான்கு ஆண்டுகள் ஓர் அட்டையில் இருக்கின்றன. 1974-இல் அந்த வீட்டில் எண்ணெய் மிச்சமானது, ஆனால் புகை நாற்றத்தோடு. அதைச் சரிசெய்ய ஒன்பது வருடம் ஆயிற்று என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

அந்த எண்களை எடுக்கும் விதத்தையும் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன், கருவிகளே மாறிவிட்டன. புகை பார்க்க ஒரு கைப்பம்ப். வடிதாளைச் செருகி, புகைக்குழாயில் முனையை நுழைத்து, நிதானமாகப் பத்து முறை இழுக்க வேண்டும். தாளில் விழும் வட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை நிறம் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்கு சிவப்புத் திரவம் நிறைந்த கண்ணாடிக் குப்பி. ரப்பர் பந்தைப் பதினெட்டு முறை அமுக்கிப் புகைவாயுவை உள்ளே தள்ளி, குப்பியை இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால், வாயுவைத் திரவம் உறிஞ்சிக்கொண்டு மேலேறி நிற்கும். இப்போது எல்லோரிடமும் டிஜிட்டல் அனலைசர் இருக்கிறது. ஆனாலும் புகைக்கு அந்தப் பத்து இழுப்பைத்தான் இன்னும் நம்புகிறோம்.

பாஸ்டனுக்கு வெளியே சமீபத்தில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் சில என்னைக் கூப்பிடுவதுண்டு. நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு பேஸ்மென்ட்டில் ஆயிரம் லிட்டர் எண்ணெய் இருப்பதே பயம். போன குளிர்காலத்தில் ஒரு தம்பி, வீடியோ பார்த்துவிட்டு கையில் ஆலன் கீயோடு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா, இந்த ஸ்க்ரூவ லேசா குறைச்சா எண்ணெய் மிச்சமாகும்தானே?”

“கொஞ்சம் மிச்சமாகும் தம்பி. ஆனா துளி பெருசாயிடும், முழுசா எரியாது. எரியாதது கரியா உள்ளே படியும். அப்புறம் மிச்சமானதுக்கு மேலே செலவு.”

“அப்ப ஏத்தலாமா?”

“ஏத்தினா எண்ணெய் கூடப் போகும், அதுக்குத் தகுந்த காத்து வேணும். அளக்காம ரெண்டுமே செய்யக் கூடாது.”

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே செய்துகாட்டினேன். முதலில் நாசில் எண்ணும், பர்னர் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. பம்பில் கேஜை மாட்டி ஓட்டினால் முள் 118-இல் நடுங்கியது. நடுக்கம் என்றால் குழாயில் காற்று. ஃபில்டர் கேஸ்கெட்டை மாற்றிய பிறகே முள் அமைதியானது. அதன் பின் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, விட்டு விட்டுத் திருப்பி 140. பர்னரை நிறுத்தியதும் முள் சற்று இறங்கி அப்படியே நிற்க வேண்டும்; பூஜ்யத்துக்கு விழுந்தால் பம்பின் அடைப்பான் தேய்ந்துவிட்டது, நாசில் நெருப்பில்லாமல் சொட்டும். அது நின்றது. கடைசியில் காற்றுக் கதவைத் திறந்து புகையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் சிறிது கூடுதல் காற்று. திருகுக்கு இரண்டு நிமிடம், அளப்பதற்கு ஒரு மணி நேரம்.

மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் தொட்டி வீட்டுக்கு வெளியே பனியில் நிற்கும். அங்கே இன்னொரு விசித்திரம். குளிர்ந்து தடித்த எண்ணெய் நாசிலில் குறைவாகத்தான் போகும் என்று எவரும் நினைப்பார்கள், கூடுதலாகப் போகிறது. தடித்த எண்ணெய் உள்ளே வேகமாகச் சுழலாததால், துளையின் நடுவே இருக்க வேண்டிய காற்றுக் குழல் மெலிந்து, எண்ணெய் துளையை அடைத்துக்கொண்டு வருகிறது. துளியும் பருத்து, புகையும் கூடி, விடியற்காலையில் பர்னர் அடம்பிடிக்கும். அழுத்தத்தை ஏற்றி நாசிலைக் குறைக்கும் பழக்கம் அந்த ஊர்களில் வேரூன்ற விலை மட்டும் காரணமில்லை, இந்தக் குளிரும் காரணம். சிலர் மண்ணெண்ணெயும் கலப்பார்கள்.

2018 ஜூலையில் மாசசூசெட்ஸ் உட்பட நியூ இங்கிலாந்து மாநிலங்கள் வீட்டு எண்ணெயில் கந்தகத்தைப் பத்து லட்சத்துக்கு 15 பங்கு என்ற அளவுக்கு இறக்கின. ஒருகாலத்தில் அது ஆயிரக்கணக்கில் இருந்தது. பாய்லரின் உள்ளே துருநிறத்தில் படிந்து, நாங்கள் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்த அந்தப் படலம் இப்போது அநேகமாக இல்லை. எண்ணெய் பர்னர் அதன் வரலாற்றிலேயே மிகச் சுத்தமாக எரியத் தொடங்கிய இதே ஆண்டுகளில்தான் அது வெளியேறத் தொடங்கியும் இருக்கிறது. எண்ணெய்க்குப் பதிலாக மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்கள் 2025-க்குள் ஒரு லட்சம் என்று 2019-இல் இலக்கு வைத்த மெய்ன், 2023-லேயே அதை எட்டிவிட்டது. காற்றுக்கும் பருவநிலைக்கும் அதுவே நல்லது, நானும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பாய்லர் போகும்போது அட்டையும் பழைய இரும்போடு வண்டியேறிவிடுவதுதான் என் ஆற்றாமை. ஊர் வரலாற்றுச் சங்கங்களில் கரி மண்வெட்டியும் பனிக்கட்டி இடுக்கியும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. சர்வீஸ் அட்டை ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. நான் கழற்றும் பாய்லர்களின் அட்டைகளை உறையில் போட்டு, ஊர்ப்பெயரையும் பாய்லர் வகையையும் மட்டும் எழுதி வைத்துவருகிறேன். எண்ணெய் பாய்லரை மாற்றப்போகும் நம்மவர்கள் ஒரு காரியம் செய்யலாம். வேலையாட்கள் வந்ததும், பம்பை அவிழ்ப்பதற்கு முன் அந்தக் கம்பியை வெட்டி அட்டையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 1973-க்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.